என் எண்ணைக் குத்திக்கொண்டு ஓடியவன்

1

போன வாரம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "அன்புள்ள ரவிச்சந்திரன் ஏகாம்பரம், சென்ற ஆண்டு ஆவடியில் நடந்த அரை மாரத்தானை நீங்கள் முடிக்கவில்லை. மனம் தளர வேண்டாம். இந்த ஆண்டு முடியுங்கள்!" என்று எழுதி, பல்லைக் காட்டிக்கொண்டு ஓடுகிற ஒரு ஆளின் படத்தையும் போட்டிருந்தார்கள். கீழே பொடி எழுத்தில் இன்னொரு விஷயம் இருந்தது. சென்ற ஆண்டு ஓடும்போது எனக்கு மருத்துவ உதவி தரப்பட்டதாகப் பதிவாகியிருப்பதால், மறுபடி ஓட வேண்டுமென்றால் டாக்டர் சான்றிதழ் தர வேண்டுமாம். டாக்டரிடம் காட்ட வசதியாக, அன்று எழுதிய மருத்துவக் குறிப்பை இணைத்திருக்கிறார்களாம்.

அந்த ஓட்டத்தை நான் முடித்தேன். இருபத்தொரு கிலோமீட்டரை இரண்டு மணி நாற்பத்தேழு நிமிடத்தில், முட்டியைப் பிடித்துக்கொண்டு முடித்தேன். எனக்கு யாரும் மருத்துவ உதவி தரவில்லை, ஆரஞ்சுச் சுளைதான் தந்தார்கள். முடிக்காதவன் தனசேகர். மருத்துவ உதவி பெற்றவனும் அவன்தான். அன்றே செத்தும் போனான்.

இணைப்பை மூன்று நாள் திறக்கவில்லை. இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது உங்களுக்குத் தெரியும். குப்பைத் தொட்டிக்கு எத்தனை நிறம், குளிரில் காயாத வேட்டி, தமிழ் வகுப்புக்கு வர மறுக்கிற பிள்ளைகள். படித்துவிட்டு ‘பாவம், எவ்வளவு கஷ்டப்படுகிறார்’ என்று நீங்கள் கடிதம் போடுவீர்கள். இந்த முறை அப்படிக் கடிதம் போட வேண்டியிருக்காது.

2

மெல்பர்னின் மேற்குப் புறநகர் ஒன்றில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். ஆவடியும் நகரத்துக்கு மேற்கேதான். அதனால் நகரத்துக்குள் இருப்பவர்கள் நம்மைப் பார்க்கும் பார்வை எனக்கு இங்கே வந்தும் புதிதாகத் தெரியவில்லை.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் இருந்ததால் அலுவலகத்தில் நான் மிஸ்டர் ஏகாம்பரம். அப்பாவை இவர்கள் யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவை அவரைக் கூப்பிடுகிறார்கள். முதல் வருடம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். இன்னொருவர் பெயரைச் சொன்னால் ‘ஆமாம், நான்தான்’ என்று திரும்புவது அப்போதே பழகிவிட்டது. விசா நேர்காணலுக்கு முந்தின நாள் நானும் கவிதாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு மனப்பாடம் செய்தோம். கணவர் பெயர், பிறந்த தேதி, ரத்தப் பிரிவு. சொந்த விவரத்தைக்கூடத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்தோம். அந்தப் பழக்கம்தான் பின்னால் வேறு ஒரு காரியத்துக்கு உதவியது.

இங்கே தமிழர்கள் ஒரு ஓட்டக் குழு வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓடை ஓரமாக ஓடுவோம். பிறகு காபிக் கடையில் உட்கார்ந்து, கையில் கட்டிய கடிகாரத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம். ஊரில் நிலம், நகை, பிள்ளை மார்க் என்று எதையெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார்களோ, அத்தனைக்கும் பதிலாக இங்கே எங்களிடம் இருப்பது கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்கிற எண் ஒன்றுதான். அரை மாரத்தானை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தவர்களுக்குத் தனி சட்டை உண்டு. என்னைத் தவிர எல்லோருக்கும் அந்தச் சட்டை இருந்தது. எனக்கு ‘கார்டு பெட்டி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ரயிலில் கடைசியாக வருமே, அது. வாட்ஸ்ஆப்பில் நான் எது எழுதினாலும் கீழே ஒருவர் ரயில் படம் போடுவார்.

சிரித்தேன். பதிலுக்கு நானும் ரயில் படம் போட்டேன். உள்ளே எரிந்தது. நாற்பத்தெட்டு வயது ஆள், ஒரு பனியன் துணிக்காக எரிந்தேன்.

3

தனசேகர் ஆவடியை ஒட்டிய கோவில்பதாகைக்காரன். அங்கே நெல் விளைந்த காலத்திலிருந்து அவன் குடும்பம் இருக்கிறது. இப்போது அந்த நிலத்தில் நிற்கிற அடுக்குமாடிகளில் வேலூர்க்காரரும் திருநெல்வேலிக்காரரும் கார் நிறுத்தச் சண்டை போடுகிறார்கள். தனா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினான். பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் ஓடியே போய்விடலாம் என்று பாதி நாள் வேலைக்கு ஓடியே போவான். அவனுக்கு அது பயிற்சி என்றும் தெரியாது, அதற்கு ஒரு பெயர் உண்டு என்றும் தெரியாது.

நாங்கள் ஆவடியில் ஒரே பள்ளி. ஒன்பதாம் வகுப்பில் பி.டி. மாஸ்டர் மைதானத்தை ஆளுக்கு ஆறு சுற்று ஓடச் சொல்வார். கணக்கு வைப்பது வகுப்புத் தலைவன் வேலை. தனா எட்டுச் சுற்று ஓடுவான். கூடுதல் இரண்டும் என் கணக்கில் சேரும். வகுப்புத் தலைவனுக்கு நான் வீட்டுப்பாடம் எழுதிக் கொடுப்பேன். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்று அப்போது நினைத்தோம்.

சென்ற ஆண்டு லீவில் ஊருக்குப் போனபோது இரண்டு பேருக்கும் நானே பதிவு செய்தேன். என் பழைய ஓட்டக் காலணி ஒரு ஜோடியை அவனுக்குக் கொண்டுபோயிருந்தேன். அது அவனுக்கு ஒரு சைஸ் பெரிது. இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு ‘மெத்து மெத்துனு கீது மச்சான்’ என்று வீட்டுக்குள்ளேயே நடந்து காட்டினான். அவன் மனைவி செல்வி, ஊட்டுக்குள்ள செருப்பு போடாதய்யா என்று கத்தினாள்.

சனிக்கிழமை சாயந்திரம் ஏரி பக்கத்து டீக்கடையில் அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். ஓட்டக்காரர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டைக்கு பிப் என்று பெயர். அதன் பின்பக்கம் ஒரு சில்லு ஒட்டியிருக்கும். யார் ஓடினார்கள் என்று கணினிக்குத் தெரியாது, எந்தச் சில்லு ஓடியது என்றுதான் தெரியும். என் பிப்பை அவன் குத்திக்கொண்டால் என் பெயரில் ஒரு நல்ல நேரம் பதிவாகும். ஓட்டக்காரர்கள் உலகத்தில் இந்தத் திருட்டு புதிதில்லை.

"அவ்ளோதான? ஒன்ற மணி நேரத்துல முட்சிட்றேன் மாமே" என்றான்.

"டேய், கெடுத்துடாத. ஒண்ணு ஐம்பத்தஞ்சு போதும். அதவிட வேகமா வந்தா எவனும் நம்ப மாட்டான்."

டீ மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்தான். "மெதுவா ஓடுன்னு சொல்லி இட்டுனு போற மொத ஆளு நீதான்டா."

ஆனால் எனக்குப் பயம் இருந்தது. முடிவுக் கோட்டில் மைக்கில் பெயர் சொல்வார்கள். தொண்டர்கள் யாராவது விவரம் கேட்டால் இவன் உளறிவிடுவான். எனவே விசாவுக்குச் செய்ததுபோல அவனை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன்.

"பேரு?"

"ரவிச்சந்திரன்."

"அப்பா பேரு?"

"ஏகாம்பரம். தங்கமான மனுசன், போய் சேந்துட்டாரு."

"ரத்தம்?"

"பி பாசிட்டிவ்."

"ஏதாவது வியாதி? மாத்திரை?"

இங்கே நிறுத்தினான். "நான் பிரஷர் மாத்திர போட்றேன்டா. டெய்லி நைட்டு."

"தனசேகர் போடுறான். ரவிச்சந்திரன் போடறதில்ல. இல்லன்னு சொல்லு."

"இல்ல."

"பொண்டாட்டி பேரு?"

"கவிதா" என்று சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். "டேய், செல்வி காதுல வுழுந்தா செருப்பு பிஞ்சிடும்."

நான்கு தடவை கேட்டேன். நான்கு தடவையும் சரியாகச் சொன்னான். படிப்பில் அவன் எதையும் இவ்வளவு சீக்கிரம் மனப்பாடம் செய்ததில்லை.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னேன். பிரஷர் மாத்திரை இதயத்தை மெதுவாக்கும், கால் எழும்பாது, ஒரு ராத்திரி போடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று. அதை எங்கள் குழுவில் யாரோ பகிர்ந்திருந்தார்கள். அந்தக் குழுவில் டாக்டர் யாரும் இல்லை.

"நெசமாவா?"

"படிச்சிருக்கேன்டா."

"நீ படிச்சவன். சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். கிண்டலாகச் சொல்லவில்லை. அவன் அதை முழுசாக நம்பினான்.

4

காலை ஐந்து மணிக்கு ஆவடியில் தொடக்கம். காருக்குள் உட்கார்ந்து அவன் பனியனில் என் எண்ணை நானே நான்கு ஊக்கு போட்டுக் குத்தினேன். கோணலாக இருந்தது என்று ஒரு ஊக்கைக் கழற்றி மறுபடி குத்தினேன். அவன் எண்ணை நான் குத்திக்கொண்டேன். அவனிடம் இருந்த என் பிப்பின் பின்பக்கம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில், கவிதாவின் மெல்பர்ன் எண் அச்சாகியிருந்தது. பதிவுப் படிவத்தில் மனைவியின் எண்ணைக் கேட்டிருந்தது, கொடுத்திருந்தேன். அதை அப்போது இரண்டு பேரும் பார்க்கவில்லை.

ஆவடியிலிருந்து திருமுல்லைவாயல் வழியாக அம்பத்தூர் எஸ்டேட் வரை போய், அதே சாலையில் திரும்ப வேண்டும். போகிறவர்களும் வருகிறவர்களும் நடுவில் கட்டிய நாடாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவரை ஒருவர் பார்க்கலாம். நான் எட்டாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது எதிரே தனா வந்தான். அவனுக்கு அது பதின்மூன்றாவது. அவனிடம் கடிகாரம் இல்லை.

"மாமே, டைம் இன்னா?" என்று கத்தினான்.

கடிகாரத்தைப் பார்த்தேன். இப்படியே போனால் ஒன்று ஐம்பதுக்குள் முடித்துவிடுவான். ஐம்பத்தைந்து போதும் என்று சொன்னவன் நான்தான். ஆனால் அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஒன்று நாற்பத்தொன்பது. குழுத் தலைவருக்கே அந்த நேரம் கிடையாது.

"சூப்பர்டா! குறைக்காத! அப்படியே போ!" என்று நானும் கத்தினேன்.

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். இடது கையால் மார்பில் என் எண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். காற்றில் அடிக்கிறது, பிடித்துக்கொள்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். அன்று காற்றே இல்லை.

நான் எஸ்டேட்டில் திரும்பி வரும்போது பதினேழாவது கிலோமீட்டர் தண்ணீர்ப் பந்தலில் குளுக்கோஸ் கொட்டிக் கிடந்தது. "எவனோ சாஞ்சிட்டான் சார், ஆம்புலன்ஸ்ல ஏத்தினாங்க. நீங்க பாத்து மெதுவா போங்க" என்றார் பந்தலில் நின்ற ஆள். மெதுவாகப் போவதில் எனக்கு என்றைக்கும் சிரமம் இருந்ததில்லை. ஆரஞ்சுச் சுளை கூட இரண்டு எடுத்துக்கொண்டேன். கொஞ்ச தூரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வாசலில் காவலாளியும் ஒரு நர்ஸும் நின்று ஓடுகிறவர்களுக்குக் கை தட்டினார்கள். நானும் கை ஆட்டினேன்.

5

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் மைக்கில் "தனசேகர்! வாழ்த்துகள் தனசேகர்!" என்றார்கள். ஒரு பெண் என் கழுத்தில் பதக்கம் போட்டாள். தனாவைத் தேடினேன். ஒரு மணி நேரமாகக் காத்திருந்து சலித்துப்போய் பிரியாணிக் கடைக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். பை வைத்த இடத்தில் என் போனை வாங்கினால், திரை முழுக்கக் கவிதாவின் தவறிய அழைப்புகள்.

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். "ஏங்க? நீங்களா? நீங்கதானா பேசறது?"

"நான்தான். என்ன ஆச்சு?"

"நிலா! அப்பாடி! அப்பா பேசறாருடி!" என்று அலறினாள். நிலா எங்கள் மகள், பதினாறு வயது. கவிதா அழுதுகொண்டே சிரித்தாள். இந்தியாவிலிருந்து போன் வந்ததாம். முதல் இரண்டு தடவை ஏதோ விளம்பரம் என்று எடுக்கவில்லையாம். மூன்றாவது தடவை எடுத்தால், உங்கள் வீட்டுக்காரர் ஓடும்போது விழுந்துவிட்டார், சீரியஸ், உடனே வாருங்கள் என்றார்களாம். மெல்பர்னிலிருந்து உடனே எப்படி வருவது? மாங்காட்டில் இருக்கும் தன் தம்பியை ஆஸ்பத்திரிக்கு விரட்டியிருக்கிறாள். அவன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துணியை விலக்கி முகத்தைப் பார்த்துவிட்டு அவன் அக்காவுக்குச் சொன்னது இதுதான்: "மாமா இல்லக்கா. வேற யாரோ."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் பேசி முடிப்பதற்குள் அந்த ‘வேற யாரோ’ யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஒரு கணம், நான் சாகவில்லை என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

செல்விக்கு நான்தான் போன் செய்தேன். கோவில்பதாகையிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். வந்தாள். பார்த்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துக் கவிதா வீடியோவில் கூப்பிட்டாள். பதற்றத்தில் எடுத்துவிட்டேன். "முகத்தைக் காட்டுங்க. நல்லாக் காட்டுங்க. தெய்வமே, நீங்க இல்ல, நீங்க இல்ல. அம்மனுக்குப் பொங்கல் வெக்கறேன்" என்று அவள் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. செல்வி தலையைத் தூக்கி என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னாண்ணா ஆச்சி? ஏன் எனக்கு யாரும் போன் பண்ணல?" என்று கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம்தான். நான் சொன்னது வேறு. "கார்ல இருட்டுல குத்தும்போது அவசரத்துல என் நம்பர எடுத்துக் குத்திக்கிட்டாம்மா. நானும் கவனிக்கல."

"அவசரக் குடுக்க" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எப்பவும் அவசரம். இன்னா எழுதிகீதுன்னு பாத்து குத்த மாட்டியா? பத்து நிமிசம்ணா. பத்து நிமிசத்துல வந்துருப்பேனே. ஒரு வாய் தண்ணி குட்த்துருப்பேனே."

"அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதும்மா. விழுந்ததுமே நினைவு போயிருக்கும்" என்று ஆறுதல் சொன்னேன். அதையும் நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

எழுதிக்கொள்ள வந்த போலீஸ்காரரிடமும் அதையே சொன்னேன். ‘எண் அட்டை கவனக்குறைவால் மாறிவிட்டது’ என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். யாருடைய கவனக்குறைவு என்று எழுதவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் பெயரை மாற்றினார்கள். போலீஸ் தாளில் மாற்றினார்கள். பந்தயக் கணினியில் மாற்ற மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

6

பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் இல்லை. டிக்கெட் தேதியை மாற்ற முடியாது என்று சொன்னேன். மாற்ற முடியும். கிளம்பும் முன் அந்தப் பதக்கத்தைச் செல்வியிடம் கொடுத்தேன். அவன் பேரில் வந்தது, அவனிடமே இருக்கட்டும் என்றேன். பெரிய மனசு என்று அவளுடைய அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பின்னாலேயே சான்றிதழும் வந்ததாம். தனசேகர், இரண்டு மணி நாற்பத்தேழு நிமிடம். சட்டம் போட்டு, அவன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, பதக்கத்தையும் அதில் தொங்கவிட்டு செல்வி எனக்குப் புகைப்படம் அனுப்பினாள். வேலைக்கு ஓடியே போனவன், சுவரில் என் வேகத்தில் தொங்கினான். ‘வர்றவங்க எல்லாம் இவ்ளோ நேரமா ஓடனாருன்னு கேக்கறாங்கண்ணா. ஓடனது நீங்கன்னு சொல்ல மனசு வரல, வுட்டுட்டேன்’ என்று கீழே ஒரு குரல் செய்தி.

இங்கே ஓட்டக் குழுவில், நண்பர் இறந்ததால் பாதியில் நிறுத்திவிட்டேன் என்று எழுதினேன். வரிசையாகச் சிவப்பு இதயங்கள். அன்று முதல் ரயில் படம் போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு சாவு எனக்கு அதையும் வாங்கித் தந்தது.

வந்த முதல் வாரம் சாப்பாட்டு மேஜையில் நிலா கேட்டாள். அவள் தமிழ் இப்போது பாதிதான். "அப்பா, டெட் ஆனவர் உன்னோட க்ளோஸ் ஃப்ரெண்டா? நீ அவர் பத்திச் சொன்னதே இல்லையே?"

"கூடப் படிச்சவர்" என்றேன்.

"ஓ. ஓகே" என்று தட்டைக் கழுவப் போட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று இதே பக்கத்தில் நான் எத்தனை முறை புலம்பியிருக்கிறேன். நாம் கொடுக்கிற பதிலை வைத்துக்கொண்டு அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

7

நான்காம் நாள் இணைப்பைத் திறந்தேன். ஆம்புலன்ஸில் இருந்த தொண்டர் யாரோ பேனாவில் நிரப்பிய ஒற்றைத் தாள். குலுங்கக் குலுங்க எழுதிய கையெழுத்து.

ஏற்றிய நேரம் 6.34. நினைவு: தெளிவு.

அந்த ஒரு சொல்லை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தெளிவு. பிறகு மேலே படித்தேன்.

பெயர் (நோயாளி சொன்னது): ரவிச்சந்திரன். தந்தை பெயர்: ஏகாம்பரம். வயது: 48. ரத்தம்: பி பாசிட்டிவ். ஏற்கெனவே உள்ள நோய்: இல்லை. மாத்திரை: இல்லை. மனைவி பெயர்: கவிதா. ‘அட்டையில் உள்ள எண் வெளிநாட்டு எண், எடுக்கவில்லை, உள்ளூரில் உறவினர் யாராவது உண்டா என்று இரண்டு முறை கேட்டோம். நோயாளி யோசித்துவிட்டு இல்லை என்றார்.’

கடைசியில் ‘வேறு குறிப்பு’ என்ற இடத்தில்: ‘டைம் எவ்வளவு ஆச்சு என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.’

அடியில் வேறு கையெழுத்தில் ஆஸ்பத்திரிக் குறிப்பு. உயிர் பிரிந்த நேரம் 7.22.

நினைவோடு ஏறியவன் நாற்பத்தெட்டு நிமிடம் உயிரோடு இருந்திருக்கிறான். யோசித்துவிட்டு என்று எழுதியிருக்கிறார்களே, அந்த யோசனையில் செல்வி இருந்திருப்பாள். பத்து நிமிட தூரத்தில் இருந்தாள். பெயரைச் சொல்லியிருந்தால் வந்திருப்பாள். சொன்னால் ரவி மாட்டிக்கொள்வான். அதனால் சொல்லவில்லை. டீக்கடையில் நான் கேட்ட அதே வரிசையில், நான் சொல்லிக்கொடுத்த பதிலைத்தான், ஒன்றுகூடப் பிசகாமல் சொல்லியிருக்கிறான்.

என் கடிகாரம் ஓட்டத்தின் ஒவ்வொரு நிமிடமும் நான் எங்கே இருந்தேன் என்று வரைபடத்தில் வைத்திருக்கிறது. 7.22க்கு எங்கே இருந்தேன் என்று பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில். நர்ஸுக்குக் கை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

8

நேற்று தனாவுக்கு வருஷத் திவசம். இங்கே மதியம் கடந்திருந்தது, அங்கே காலை. செல்வியைக் கூப்பிட்டேன்.

"கரெக்டா கூப்ட்டண்ணா. ஊடு முழுக்க ஆளுங்க. சமையலு நடந்துனு கீது" என்றாள். மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை, சில்லு, டீக்கடை, மாத்திரை, ஊக்கு, எதிரே வந்தவனிடம் குறைக்காதே என்று கத்தியது, இப்போது வந்த தாள். என் வாழ்க்கையில் நிறுத்தாமல் ஓடி முடித்தது அந்தப் பேச்சு ஒன்றுதான். பாதியில் அவள் கதவைச் சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு மிக்ஸி கேட்கவில்லை.

"மாத்திர வேணாம்னு நீ சொன்னியா?" என்றாள். அதுவரை என்னை அவள் நீங்கள் என்றும் நீ என்றும் கலந்து சொல்வாள். கூடவே ஒரு ‘அண்ணா’ இருக்கும். இப்போது அது இல்லை.

"ஆமா."

"சனிக்கெழம மாத்திர அட்டையில அப்டியே இருந்துச்சி. ஒண்ணே ஒண்ணு. நான் அத தூக்கிப் போடல. படத்தாண்ட வெச்சிகீறேன். தெனம் வெளக்கு ஏத்தும்போது அத்தக் காட்டி அவர திட்டுவேன். இத்த போட்டுனு போனா இன்னாய்யா கொறஞ்சி பூடும் உனுக்குன்னு. நம்பர பாத்து குத்த தெரியாதான்னு. ஒரு வருசமா திட்டிகினு கீறேன்."

நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அந்தச் சொல்லை நான் தமிழில் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருடம் ஆகிறது. முழுதாக வரவில்லை.

"அதெல்லாம் வுடு" என்றாள். "பேரு கேட்டதுக்கு உன் பேர சொன்னாரா?"

"ஆமா."

"பொண்டாட்டி பேரு?"

கவிதா பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி. எழுதிகீறத நீதான் சொன்னியே" என்றாள். குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "அந்த மெடல கழட்டிட்றேன். மாங்காட்லகீற உன் மச்சான அனுப்பி எட்த்துகினு போவ சொல்லு. உன்னுதுதான அது. நீ ஓடனதுதான."

"செல்வி..."

"இன்னொண்ணு. டைம் இன்னான்னு கேட்டுகினே இருந்தாருன்னியே. யாருனா சொன்னாங்களா?"

"தாள்ல எழுதல. சொல்லியிருக்க மாட்டாங்க."

"உனுக்குத் தெரிமா?"

தெரியும். பந்தயக் கணினியில் என் பெயருக்கு எதிரே இன்னும் இருக்கிறது. வழியில் சில்லைப் பதிகிற கோடுகளில், விழுவதற்கு முன் அவன் கடைசியாக மிதித்த கோட்டின் கணக்கு. "பதினஞ்சாவது கிலோமீட்டர்ல ஒரு மணி பதினேழு நிமிஷம்" என்றேன்.

"நல்ல டைமா அது?"

"எங்க குழுவுல யாருக்கும் கிடையாது."

அவள் போனை வைக்கவில்லை. எங்கோ கீழே வைத்துவிட்டு நகர்ந்துபோனாள். சட்டத்தில் பதக்கம் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல், தள்ளியிருந்து, என்னிடம் இல்லை:

"ஒரு மணி பதினேழு நிமிசமாம்யா."